யார் முதலில் ஆரம்பிப்பது

முப்பத்தைந்து வருடம் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசித்து நான் கற்றது ஒன்றுதான்: அடுத்தவர் பின்னால் போவது. பாடகர் ஒரு பிடி பாடி நிறுத்துவார். அரை விநாடி பொறுத்து அதையே நான் வாசிப்பேன். அவர் தப்பாகப் பாடினால் நானும் அதே தப்பை வாசிப்பேன். இரண்டு முறை கேட்டதும் சபை அதைப் புதுமை என்று நம்பிவிடும். மேடையில் நானாக எதையும் ஆரம்பித்ததில்லை. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று என் மனைவி கேட்பாள்.

போன வருடம் இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம்.

“இத்தனை வருஷமா கழுத்தை வச்சு என்ன செஞ்சீங்க?” என்றார் டாக்டர்.

“பாடுறவங்களுக்குத் தலையாட்டினேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வயலின் பெட்டி பீரோ மேல் ஏறியது. எனக்கும் ஏறிப் படுத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது பாளையங்கோட்டைக் குழு. மேல்நாட்டு இசை வாசிக்கும் ஒன்பது பேர். வாலிபத்தில் தேவாலயப் பாடகர்களோடு வாசித்து அந்த இசைக்குறிப்புகளைப் படிக்கக் கற்றிருந்ததால், நானும் பல வருடங்களாக அதில் ஒருவன். குழுவின் செல்லோக்காரர், அதாவது தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின்காரர், காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், என் வயதுதான். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வாசிக்க முடியலைன்னா என்ன வே? முன்னால நின்னு கைய ஆட்டி எங்களை நடத்தும். ஒரு நிகழ்ச்சி பாப்போம். சரியா வந்தா நீருதான். வரலைன்னா நாகர்கோவில்ல ஒரு ஆளைக் கேட்டு வச்சிருக்கு.”

அது போனால் எனக்கு மேடையே கிடையாது. சரி என்றேன்.

ஒரு மாதம் ஒத்திகை. எனக்கே ஆச்சரியமாக, நன்றாகவே நடந்தது. நான் கையைத் தூக்குவேன். செல்லோக்காரர் காலால் தரையைத் தட்டி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பார். இசை கிளம்பும், கையும் கிளம்பும். எந்த வரிசையில் கிளம்பின என்று நான் யோசிக்கவில்லை.

நிகழ்ச்சி ஆழ்வார்குறிச்சியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மாலை நான்கு மணிக்கு. சபைக்கு முதுகு காட்டி நின்று வலது கையைத் தூக்கினேன். எட்டு வில்லும் தந்தி மேல் ஏறி நின்றன. சபை முன்னால் யார் தரையைத் தட்டி எண்ணுவார்கள்? நான் காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. இது மௌன அஞ்சலி என்று நினைத்துத் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்தது.

“வே, யாருக்காக நிக்கீரு?” செல்லோவுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தபடி ஒரு குரல்.

“உமக்குத்தான்.”

“நான் எதுக்கு வே? கைய இறக்கும்!”

இறக்கினேன் என்று எழுத ஆசைதான். தோள் வலி தாங்காமல் கை தானாக விழுந்தது. எட்டுப் பேரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள். அதன்பின் அவருடைய வில் போன வழியே என் கையும் போனது. முதல் பாட்டு முடியும் வரை சபை மரியாதையாக நின்றே கேட்டது.

வேனில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சேரன்மகாதேவி தாண்டியதும் செல்லோக்காரர் கேட்டார்.

“நாகர்கோவில் ஆளுக்கு என்ன சொல்லட்டும்?”

“உமக்கு என்ன தோணுது?”

“பாத்தீரா! நான் ஒண்ணு சொல்லுவேன், அதையே நீரு திருப்பிச் சொல்லுவீரு. இதுக்கு நான் வாயத் திறக்க மாட்டேன். நீரே சொல்லும்.”

நிஜமாகவே திறக்கவில்லை. பேட்டை வந்தது, டவுன் வந்தது, ஆற்றுப் பாலமும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் அவர் வீட்டில் இறங்கிவிடுவார். தோள் விண்விண்ணென்று தெறித்தது. பேசாமல் அந்த ஆளே வந்துவிட்டால் நன்றாகத் தூங்கலாம் என்றும் தோன்றியது.

“வர வேண்டாம்னு சொல்லும்” என்றேன்.

அவர் அரை விநாடி பொறுத்தார்.

“வர வேண்டாம்னு சொல்லுதேன்.”