ஆளுக்கொரு பேடு

எங்கள் பள்ளிக்கூட கிரிக்கெட் டீமிடம் பேடு ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. முதலில் இறங்கும் நானும் என் கூட்டாளியும் ஆளுக்கு ஒன்றாக, இடது காலில் மட்டும் கட்டிக்கொண்டு போவோம். வெளியூர்ப் பையன்கள் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சிரிச்சுட்டுப் போறான் விடுலே, ரன்னு எடுத்துக் காட்டுவோம்" என்பான் அவன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஆடி பிறந்ததும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்கும். பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி ஆர்டருக்கு ஆளாய்ப் பறப்பதும் அதே மாதங்களில்தான். எங்கள் இருவரின் அம்மாக்களும் ஒரே கம்பெனியில், ஒரே அறையில் வெடிக்குத் திரி சொருகினார்கள்.

அந்தச் சீசனில் முதல் ஆட்டத்தை ஒரு சத்தம்தான் ஜெயித்துக் கொடுத்தது. நான் தூக்கியடித்த பந்துக்குக் கீழே ஒரு டவுன் பையன் கையை விரித்து நின்றான். ஏதோ கம்பெனியில் புது வெடியைப் போட்டுப் பார்த்தார்கள். அவன் பதறிக் காதைப் பொத்த, பந்து காலடியில் விழுந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். சோதனை வெடியெல்லாம் எங்களுக்கு ஒரு சத்தமே இல்லை. ஆனால் இன்னொரு சத்தம் உண்டு, கம்பெனியில் அறையே வெடிக்கிற சத்தம். அது காதுக்கு வரும் முன்னே உள்ளங்காலில் தெரியும். பவுலர் ஓடி வரும்போதும் என் ஒரு காது கம்பெனிப் பக்கமே கிடக்கும். பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் ரோஷமில்லை.

முந்தின வருஷம் அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டது. நான் அம்மாவைத் தேடிக் கம்பெனிக்கு ஓடினேன். அவள் உயிர் பிழைத்து, என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்திருக்கிறாள். ஒருவரையொருவர் தேடி ரெண்டு மணி நேரம் அலைந்தோம். அதற்குள் அங்கே இன்னொரு அறையும் வெடித்தது. கடைசியில் என்னைக் கண்டதும் விளக்குமாற்றால் வெளுத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏலே, இனிமே சத்தம் கேட்டா இருக்குற எடத்தவிட்டு அசையப்படாது. நான் வருவேன். கேட்டுச்சா?"

பக்கத்தில் நின்ற கூட்டாளியின் அம்மா அவன் காதைத் திருகினாள். "ஒனக்குந்தாம்லே. நின்ன எடத்துலயே நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அரையிறுதி எங்கள் மைதானத்தில் நடந்தது. விருதுநகரிலிருந்து எதிர் டீம் பையன்களும் அவர்கள் வாத்தியாரும் வேனில் வந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் இன்னும் அவுட்டாகவில்லை. பவுலர் ஓடி வந்துகொண்டிருந்தான். தரை அதிர்ந்தது.

தெற்கே, அம்மாக்களின் கம்பெனிப் பக்கம், புகை எழும்பியது. எங்கள் பி.டி. வாத்தியார், "ஒருத்தனும் அசையக் கூடாது, நான் பாத்துட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டவுன் வாத்தியார், "ஆட்டம் போதும்பா, வகுப்புக்குள்ள போய் உக்காருங்க" என்றார்.

"இல்ல சார், நாங்க ஆடுறோம்" என்றான் கூட்டாளி. அவன் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. மைதானத்தின் நடுவில் நின்றால் ரோட்டிலிருந்து தெரியும். வகுப்புக்குள் போனால் தெரியாது. அவுட்டாகி மரத்தடிக்குப் போனாலும் தெரியாது. டவுன் வாத்தியார் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் ரன்னே எடுக்கவில்லை. வந்த பந்தையெல்லாம் தடுத்துத் தடுத்துப் போட்டோம். "என்னடா, கட்டையப் போடுறானுக" என்று ஸ்லிப்பில் நின்றவன் நக்கலடித்தான். அவனை அடித்துக் கொன்றிருப்பேன், நின்ற இடத்தைவிட்டு நகர முடிந்திருந்தால். ஒவ்வொரு பந்துக்கும் நடுவே ரோட்டைப் பார்த்தேன். எதிர்முனையில் அவனும் பார்த்தான்.

எத்தனை ஓவர் போனது என்று தெரியாது. ரோட்டில் அம்மா வந்தாள். காலில் செருப்பில்லை, முகமெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப்பொடி, சேலை ஒரு பக்கம் கருகியிருந்தது. நான் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். "எங்கம்மா வந்துருச்சுலே!" என்று கத்தினேன். அப்படிக் கத்தியதற்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கம்மாவும் பின்னாலயே வரும்லே!" என்றான்.

அம்மா என் தலையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். பிறகு என்னை விலக்கிவிட்டு அவனிடம் நடந்தாள்.

"வாய்யா, வீட்டுக்குப் போவோம்."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ரோட்டில் யாருமில்லை. "எங்கம்மா எங்க, சித்தி?"

அம்மா தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவன் காலடியில் உட்கார்ந்து பேடின் வாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றினான்.

"அவுக்காதீக சித்தி. எங்கம்மா இங்கனதான நிக்கச் சொல்லுச்சு."