ஆளுநர் நட்ட கம்பங்கள்

அட்லாண்டிக்கின் நடுவில் கிடக்கும் எங்கள் தீவுக்கு ஆங்கிலேய ஆளுநராக வந்தபோது, கேப்டன் டாம் ட்ரெலோருக்கு ஆட்சி செய்து பழக்கமில்லை. ராணுவத்தில் கோட்டைச் சுவரும் பாலமும் கட்டி வந்தவர். சபையில் பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாக்கடையின் சரிவைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவரை நிறுத்த முடியாது. அவர் வீட்டில் நான் சமையல் செய்தேன்.

வந்த மறுவருடமே அவர் மனைவி லவினியாவுக்குப் பார்வை மங்கியது. கப்பல் மருத்துவர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். தினமும் மேட்டு வீட்டிலிருந்து கடற்கரைக்குத் தனியாக இறங்கிப் போய்வந்தவர் நாற்காலியோடு முடங்கிப்போனார். துணைக்கு ஆள் வைக்கலாம் என்றார் கேப்டன்.

"கயிறு கட்டி இழுத்துட்டுப் போக நான் என்ன கழுதையா, டாம்?"

அந்த ஞாயிறு தேவாலயத்துக்குக்கூடப் போகாமல், கேப்டன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைப் பாதையோரம் குழி தோண்டினார். உடைந்த கப்பலின் மரங்களைக் கம்பமாக நட்டு, இடுப்பளவு உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டினார். வளைவு வருமுன் ஒரு முடிச்சு. படி வருமுன் இரண்டு.

கீழிருந்து வந்த மீன்காரன் ஜோனாவுக்குச் சிரிப்பு. "என்னங்கய்யா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லடா. அந்த முனையைப் பிடி."

ஜோனா கூடையை இறக்கிவிட்டுப் பிடித்தான்.

லவினியா அம்மாள் முதல்முறை தனியாக இறங்கியபோது கேப்டன் பின்னால் போகவில்லை. அடுப்படி ஜன்னலருகே என் பக்கத்தில் நின்று, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பாவாடை விளிம்பு நனைந்து அம்மாள் திரும்பி வந்தார்.

"பாறைகிட்ட முடிச்சை மறந்துட்ட."

"இப்பவே போட்டுட்டு வர்றேன்."

"சாப்ட்டுட்டுப் போ."

சில வருடம் கழித்து, பெரிய நாடு ஒன்றை ஆளும் பதவி கேப்டனைத் தேடி வந்தது. "போலாம், டாம். எனக்காகப் பார்க்காத," என்றார் அம்மாள். கேப்டன் மறுத்துவிட்டார். மேலிடத்துக்குக் கோபம், இருந்த பதவியும் போயிற்று. இருவரும் அதே பாதையின் பாதியில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். ஊர் வாய்க்கால்களைப் பழுதுபார்த்துக்கொண்டு கேப்டன் நிம்மதியாகவே இருந்தார்.

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது, நான் கஞ்சி கொண்டு போவேன். ஒருநாள் அம்மாள் கடலிலிருந்து வந்து, ஈரக் கையை அவர் கன்னத்தில் வைத்தார்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"ஐஸ் மாதிரி. நீ கத்தியிருப்ப."

கேப்டன் சிரித்தார். அந்தக் கையை அவர் விடவில்லை.