அப்பாவின் நுரையீரலில் இருந்தது

என் தங்கை மானசாவோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. நாம் ரசத்தைக் கையில் வாங்கும்போதுதான் அவளுக்குச் சளியின் நிறம் ஞாபகம் வரும். "கர்மம், சாப்பிட விடேண்டி" என்று கத்துவேன். "நீ கேக்காம இரேன் அண்ணா" என்பாள். நுரையீரல் டாக்டர். மும்பையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு அவள் பொறுப்பு. கல்யாணம், கார், வெளிநாடு எதிலும் புத்தி போகவில்லை. எப்போது பார்த்தாலும் ஆராய்ச்சி.

அது என்ன ஆராய்ச்சி என்று சொன்னால் உங்களுக்கும் சோறு இறங்காது. வென்டிலேட்டரில் கிடந்து சாகிற பல பேர் எதனால் செத்தார்கள் என்றே தெரியாதாம். 'நிமோனியா' என்று எழுதி உடலைக் கொடுத்துவிடுகிறார்கள். உயிர் போன ஒரு மணி நேரத்துக்குள் விலாவில் ஊசி குத்தி, நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும். அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய் அதைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு.

ஒருநாள் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். தாராவியைச் சேர்ந்த பேராச்சி என்ற பெண். அவள் புருஷன் அப்போதுதான் செத்திருந்தார். "இத்தன நாளு குத்துனது பத்தாதாக்கும்? செத்த மனுசன இன்னும் குத்தணுமோ? நீயெல்லாம் வெளங்குவியாட்டீ?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. மானசா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "சரிங்கம்மா, வேண்டாம்" என்று திரும்பிவிட்டாள்.

"உனக்கு மானமே கிடையாதாடி?" என்றேன்.

"அவா சொன்னது சரிதானே அண்ணா. ஆனா அவருக்கு என்ன இருந்ததுன்னு தெரியாமலே போச்சு. அவாத்துல இருக்கறதே ஒரு ரூம், அதுலதான் குழந்தைகளும் படுத்துக்கறது."

சம்மதித்தவர்களும் உண்டு. சளிப் பரிசோதனையில் 'டிபி இல்லை' என்று வந்த சிலரின் நுரையீரல் முழுக்க டிபி இருந்தது. மானசா அதைக் கட்டுரையாக எழுதினாள். அதன் பிறகு தாராவி, தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கத்து ஆள் யாராவது இளைத்து, இருமிக்கொண்டு வந்தால், ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் அவள் மருந்தை ஆரம்பித்துவிடுவாள். அப்படிப் பிழைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் அப்பா சங்கரன், ரிடையரான கிளார்க். திலக் நகர் ஃப்ளாட்டில் எங்களோடுதான் இருந்தார். மழை விட்டதிலிருந்து அவருக்கு இருமல். பழைய ஆஸ்துமா, போதாததற்குக் குப்பைமேட்டுப் புகை என்று எல்லோரும் முடிவு கட்டினோம். மானசாதான் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தாள். வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. "வயசாச்சோல்லியோ" என்றாள் அம்மா. கடைசியில் மூச்சு முட்டி, மகளின் வார்டிலேயே தொண்டையில் குழாயோடு படுத்தார். சளியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை. ஒரு காலையில் போய்விட்டார்.

மானசா முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் எதிரே வந்து நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"வாயைத் திறந்தேன்னா நடக்கறதே வேற" என்றேன்.

அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். "அம்மா, அப்பா எதனால போனார்னு எனக்குத் தெரியலை. எடுத்துப் பாக்கட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? நம்ம அப்பாவைப் போயா?" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டுமே.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊரார்கிட்டே எல்லாம் கேக்கறவள் நீ. நான் மாட்டேன்னா நாளைக்கு எந்த மூஞ்சியோட போய்க் கேப்பே? எடுத்துக்கோ. ஆனா நீயே பண்ணு. வேற யாரும் அவரைத் தொடப்படாது."

அவளே செய்தாள். நான் வராந்தாவில் நின்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ரிப்போர்ட் வந்தது. லிஃப்டிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். "அம்மாகிட்டே நிமோனியான்னு சொல்லித் தொலை" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே. நேரே போய் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"டிபிம்மா. ரெண்டு பக்கமும்."

"டிபியா? நம்மாத்திலேயா?" அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அதுக்கு மருந்து இருக்கோல்லியோ?"

"இருக்கு. சர்க்கார்ல சும்மாவே தரா. நான் ஸ்டீராய்டு குடுத்து அதுக்குத் தீனி போட்டிருக்கேன்."

"நாள் முழுக்க அதே வியாதியோட மாரடிக்கறே. உனக்குத் தோணவே இல்லையாடி?"

"தாராவியிலேர்ந்து ஒருத்தர் இப்படி இளைச்சு இருமிண்டு வந்திருந்தா, அன்னிக்கே மருந்து குடுத்திருப்பேன். நம்மாத்துக்கு அது வரும்னு தோணலைம்மா."