நம் கை தவறி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுராத்திரி இல்லை, பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம்.

மேல் தட்டிலிருந்து குக்கரை எடுக்கும்போது கை நழுவியது. டமார்! அடுப்பு மேடையின் கறுப்புக் கல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று ஏழு இடத்தில் கையை விரித்த பிறகு கிடைத்த வீடு இது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஒற்றை ஆள், வயதானவர், அதிகம் பேசமாட்டார். அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்.

"சமையல்கட்டுல எதையும் மாத்தக் கூடாதும்மா. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

இதையும் விட்டால் நான் எங்கே போவேன்?

நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. மேடை ஓரத்திலேயே நின்று கடிதம் எழுதினேன். 'ஐயா, இன்று என் கை தவறி மேடைக் கல் உடைந்துவிட்டது. மன்னிக்க வேண்டும்.'

பதினாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். எழுதியதைப் படிக்காமல் மடிக்கமாட்டேன். படித்தேன். 'எங்கள் கை தவறி' என்று இருந்தது.

எங்களா? இந்த வீட்டில் என்னை விட்டால் கரப்பான்பூச்சிதான். பதற்றம், வேறென்ன. சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டேன். 3.25. வேறு தாள் எடுத்து எழுதினேன்.

அப்போது பாதத்தில் சுரீரென்றது. தரையில் தண்ணீர்... வெந்நீர். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை.

தாளைப் பார்த்தேன். 'நம் கை தவறி.'

என் பேனா. என் கையெழுத்து.

'எங்கள்' என்றால் கடிதம் படிப்பவர் அதில் சேர மாட்டார். 'நம்' என்றால்... அவரும் சேர்த்தி.

3.40. மூன்றாவது தாள். எழுத்து எழுத்தாக எழுதினேன். மூன்று முறை படித்தேன். 'என்' தான்.

காதருகே ஒரு விசும்பல்...

ஓடினேன்.

மாடியில் வீட்டுக்காரர் கடிதத்தைப் பிரித்தார். அவர் முகம் வெளுத்தது.

"கல்லு போனா போகுதும்மா. இப்படி எழுதச் சொன்னது யாரு?"

தாளை என் பக்கம் திருப்பினார். 'நம் கை தவறி.'

நடந்ததைச் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருடத்துக்கு முன் அந்தச் சமையல்கட்டில் வெந்நீர் கொட்டி அவர் மனைவி இறந்தது தெருவுக்கே தெரியுமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அவ கை தவறிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இல்லம்மா... சண்டை. அண்டாவை ரெண்டு பேரும் பிடிச்சிருந்தோம். அவ விடுங்கன்னா. நான் விடலை. இது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கடிதத்தை என் கையில் வைத்தார்.

"எழுத்தைப் பார்த்துப் பழகினவங்க நீங்க. சொல்லுங்கம்மா... கோபத்துலயா எழுதியிருக்கா?"

"இல்லைங்கய்யா," என்றேன்.

தாள் என் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.