ஆழ்வார்பேட்டையில் 1,900 ரூபாய்க்கு இரட்டைக் கட்டில் அறை

போன ஆடி மாதம் இரண்டாவது வாரம், செவ்வாய், புதன் இரண்டு இரவுகள் சென்னையில் தங்கினேன். எதற்குப் போனீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "ஹோட்டல் ரேட் நல்லா கிடைச்சுதுங்க, அதான்" என்று சொன்னேன். அது பொய். என் சின்ன மகள் பெருங்குடியில் ஐடி வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மனைவியோ பெரிய மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் நான்கு மாதம். கரூர் வீட்டில் நானும் குக்கரும் மட்டும். குக்கர் விசில் அடித்தால்தான் வீட்டில் ஒரு சத்தம்.

சின்னவள் இருப்பது ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. பெற்ற அப்பனாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். ஆகவே ஹோட்டல். ஹோட்டல் என்றாலே என் சொந்தக்காரர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும். கல்யாணமோ காதுகுத்தோ, "மாமாகிட்டக் கேளு, பாதி விலைக்கு ரூம் பிடிச்சுத் தருவாரு" என்பார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

என் வழி இதுதான். முதலில் இரண்டு மூன்று புக்கிங் தளங்களில் அதே தேதிக்கு வரி சேர்த்த கடைசி விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் பெரிதாகக் காட்டும் விலை வெறும் கண்கட்டு. பிறகு ஏலத் தளம். அங்கே ஏரியாவையும் எத்தனை ஸ்டார் என்பதையும் மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும், ஹோட்டல் பெயரைக் காட்ட மாட்டார்கள். நாம் ஒரு விலை சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் அந்த நொடியே கார்டில் பணம் போய்விடும், அதற்கப்புறம்தான் பெயர் தெரியும். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

தி.நகர், மயிலாப்பூர் சுற்றுவட்டாரம், மூன்று ஸ்டார், இரண்டு கட்டில் என்று போட்டேன். மற்ற தளங்களில் ஒரு இரவுக்கு 2,900 இருந்தது. நான் 1,500 கேட்டேன். போடா என்று துரத்திவிட்டது. மறுபடி கேட்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மறுநாள் 1,700. அதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் காலை 1,900 போட்டதும் ஒத்துக்கொண்டது! வரி உட்பட, இரண்டு பேருக்குக் காலை டிபனோடு. அடேயப்பா என்று துள்ளிக் குதித்து, அதே குஷியில் மகளுக்குப் போன் போட்டேன்.

"செவ்வாய், புதனா? அப்பா, அந்த ரெண்டு நாளும் எங்களுக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ். நான் ஆபீஸ்லயே கிடப்பேன். என்னைக் கேட்டுட்டு புக் பண்ணக் கூடாதா?"

"ரேட்டு அப்படி விழுந்துச்சு கண்ணு. விட மனசு வரலை."

"சரி, நீங்க ரேட்டுக்காக வர்றீங்க. சுத்திப் பாருங்க. முடிஞ்சா நான் எட்டிப் பாக்கறேன்."

இல்லை சாமி, உனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணக் கூட்டம் அறை கேட்டு வராது. வார நடுவில் ஊர் சுற்ற வருபவர்களும் கிடையாது. விலை விழுவது அதனால்தான். யாருக்கும் ஒழியாத நாளாகத் தேடிப்பிடித்து இரண்டு கட்டில் வாங்கியிருக்கிறேன், மடையன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கரூரில் அரசு விரைவுப் பேருந்து, 410 ரூபாய். கிளாம்பாக்கம் சேர மதியம் 1.20. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வண்டலூர் ஸ்டேஷன் 20 ரூபாய், மின்சார ரயிலில் மாம்பலம் 10 ரூபாய், நாற்பது நிமிடம். ஏலத்தில் விழுந்த ஹோட்டல் தி.நகரில் இல்லை, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆழ்வார்பேட்டையில். ஏலத் தளத்தின் "சுற்றுவட்டாரம்" ரொம்பப் பெரிய வட்டம், ஞாபகம் இருக்கட்டும். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார்.

"மூணு கிலோமீட்டருக்கு இருநூறா?"

"இன்னா சார், ஆடித் தள்ளுபடி கூட்டம் எப்டி கீது பாரு. நூத்தம்பது குடு, குந்து."

வரவேற்பில் இருந்த அம்மாள் என் ஆதாரை வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேர்னு புக்கிங்ல இருக்கே சார். இன்னொருத்தரோட ஐடி?" என்றார். "மக சாயந்திரம் வருவா" என்றேன். அறை சுத்தம், ஏசி சத்தமில்லை, வெந்நீர் வந்தது. ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டு மற்றதில் என் பையை வைத்தேன். ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது: இன்னிக்கு முடியாதுப்பா, சாரி.

மயிலாப்பூர் தெப்பக்குளம் வரை நடந்தேன், இருபத்தைந்து நிமிடம். ஆடிச் செவ்வாய் என்பதால் மாட வீதிகளில் நடக்க இடமில்லை, எல்லோரும் குடும்பம் குடும்பமாக. டிபன் கடையில் "எத்தனை பேர் சார்?" என்றார்கள். ஒருத்தன் என்றதும் சுவரைப் பார்த்த மேஜையில் உட்கார வைத்தார்கள். அடை நன்றாக இருந்தது, 95 ரூபாய். அதைச் சொல்லக்கூடப் பக்கத்தில் ஆளில்லை.

புதன் காலை டிபனுக்கு இரண்டு கூப்பன் கொடுத்திருந்தார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடையாறு போய், பெசன்ட் நகர் கடற்கரையில் அரை மணி நேரம் நின்றேன். அதற்கு மேல் அலையைப் பார்த்து என்ன செய்ய? பஸ் பிடித்துப் பெருங்குடியில் அவள் ஆபீஸ் வாசலில் இறங்கி, 12.40-க்குப் போன் செய்தேன்.

"இந்தப் பக்கம் சும்மா வந்தேன் கண்ணு."

"பெருங்குடிக்கு யாராவது சும்மா வருவாங்களாப்பா? மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்."

எதிரே டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் கேட்டார்: "யாரைப் பாக்கணும் நைனா?"

"என் பொண்ணை. அவளைப் பாக்கத்தான் கரூர்ல இருந்து வந்தேன்."

"இங்க எல்லாரும் அப்டித்தான் ஓடிக்கினு கீறாங்க. டீ குடி, வருவாங்க."

முன்பின் தெரியாத மனிதரிடம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, அவளிடம் வராத வார்த்தை. ஒன்றே முக்கால் மணி நேரம், மூன்று டீ. அவள் வரவில்லை. கோபம் வந்தது, அவள் மேல் அல்ல.

வியாழன் காலை ஏழேகாலுக்குச் சாப்பாட்டு அறையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, கண் சிவந்து, நேராக வேலையில் இருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். அன்றும் மிச்சமாகிச் சட்டைப் பையில் இருந்த கூப்பனை எடுத்துக் கொடுத்தேன்.

"வடை நல்லாருக்கே! 1,900-க்கு இதுவுமா? ரேட்டுக்காகவே வரலாம்ப்பா."

"ரேட்டுக்காக வரலை கண்ணு. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். வீட்ல பேச ஒரு நாதி இல்லை."

பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அடுத்த வாரம் லீவு போட்டுட்டு கரூருக்கே வந்திருப்பேனே. விலை குறைஞ்சா வருவீங்க, இல்லாட்டி வர மாட்டீங்கன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்."

சாப்பிட்டு அறைக்கு வந்தவள், வரவேற்பில் கேட்ட ஆதாரை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள்.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு: ஏலம் நல்ல வழிதான், ஆடியும் மார்கழியும் தி.நகரில் மலிவு, மயிலாப்பூர் மட்டும் மார்கழிக் கச்சேரிகளுக்கு எகிறிவிடும். ஆனால் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். ஐந்நூறு, அறுநூறு கூடப் போனாலும் ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் பகல் பன்னிரண்டு. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் எந்தத் தளத்திலும் தேடாதீர்கள், வரவேற்பில் நேராகக் கேளுங்கள். கொஞ்சம் இழுத்துப் பேசினால் இரண்டு மணி நேரம் சும்மாவே தருவார்கள்.

நான் பதினொன்றரைக்குக் கீழே போய், நான்கு மணி வரை வேண்டும் என்றேன். "எண்ணூறு ஆகும் சார்" என்றார் அந்த அம்மாள். மகள் ஆதாரையும் சேர்த்து நீட்டி, பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவள் எழுந்துவிடாதபடி கதவை மெதுவாகத் திறந்து உள்ளே போனேன்.