ஜாமெட்ரி பாக்ஸில் கருப்பியின் இறகுகள்

கோழி இறகைக் கன்னத்தில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, பிறகு கூச்சம், அப்புறம் லேசான தவிட்டு வாசனை. ஆறாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் அந்த வாசனைதான் வரும். காம்பஸும் பாகைமானியும் போன இடம் தெரியவில்லை.

அப்போது ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் நான்கே வீடுகள். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும்தான். மதுரைக்குள் டீச்சர் வேலை பார்த்த அம்மா பஸ் பிடித்து வந்துசேர ஆறரை ஆகிவிடும். நாலரைக்கே பள்ளி விட்டு வந்துவிடும் எனக்கு அதுவரை பேச்சுத்துணை கொல்லையில் திரிந்த மூன்று கோழிகள். அதிலும் "கருப்பி" என் மடியைவிட்டு இறங்காது. தனிமை என்ற சொல் அந்த வயதில் தெரியாவிட்டாலும் அந்த இரண்டு மணி நேரத்தின் நீளம் எனக்கு நன்றாகவே தெரியும்.

"மேலுக்குச் சொகமில்லன்னா கோழி வாயத் தொறந்து சொல்லாது, இறகுதான் சொல்லும்" என்பார் அம்மா. மினுங்கினால் தீனி சரியாக இருக்கிறது, சிலுப்பிக்கொண்டு மூலையில் நின்றால் காய்ச்சல், முதுகு மட்டும் வழுக்கையானால் பக்கத்து வீட்டுச் சேவலின் சேட்டை.

ஐப்பசியில் கருப்பிக்குக் கழுத்திறகு உதிர ஆரம்பித்தது, முட்டையும் நின்றது. முந்தைய வருடம் முட்டை விடாத வெள்ளைக்கோழி குழம்பானது நினைவிருந்ததால் நான் பெரிய கெட்டிக்காரியாக ஒரு காரியம் செய்தேன். அம்மா வருவதற்குள் உதிர்ந்த இறகையெல்லாம் பொறுக்கி ஒளித்துவிட்டு, கோழிகளைப் "பஞ்சாரம்" என்ற பெரிய கூடைக்குள் அடைத்துவிடுவேன்; காலையில் அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பியபின்தான் திறப்பேன். விடுமுறை நாட்களில், "கருப்பி அடையில இருக்கும்மா" என்று பொய் சொல்லி மூடியே வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு அம்மா கூடையைத் தூக்கிவிட்டார். கழுத்து முதல் வால் வரை மொட்டை.

"ஆத்தாடி, என்ன சீக்குன்னு தெரியலையே! திடீர்னு இப்பிடிக் கொட்டியிருக்கு. மத்ததுக்கு ஒட்டிக்கிறதுக்குள்ள அறுத்துரணும்."

எதிர்வீட்டுச் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். பொய் வெளியே வந்துவிடுமே என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுத்து, வெந்நீரில் முக்கித் தேய்த்த செல்வம் அண்ணன் கையை நிறுத்தினார்.

"டீச்சர், இது சீக்கு இல்ல. இறகு மாத்துது. தோல் பூரா புதுக் குருத்து, முள்ளு மாதிரி குத்துது பாருங்க. உதுந்தது அம்புட்டும் கொல்லையிலதான கெடந்திருக்கும், பாக்கலையா?"

"ஒண்ணக்கூடப் பாக்கலையேப்பா" என்றார் அம்மா.

அந்தக் குழம்பை நான் தொடவில்லை. அம்மாவும் காரணம் கேட்கவில்லை. இறகுகளைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

அந்தக் கொல்லையில் இப்போது வாடகைக்காரரின் கார் நிற்கும் சிமென்ட் தளம். தெருவில் கோழிச் சத்தமே கிடையாது. அம்மா அங்கே தனியாக, நான் மதுரைக்கு அந்தப் பக்கம் பரவை என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக. இந்த மாதம் டைஃபாய்டு வந்து போனதில் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. போனில், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஞாயிறு போகாமல் இருந்துவிட்டேன். நேற்று அம்மா, "நீ வர வேணாம், நானே காலையில வாரேன்" என்று வைத்துவிட்டார்.

விடிந்ததும் வழக்கம்போலக் கூட்டி அள்ளக் குனிந்தேன். பிறகு விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். முடி தரையிலேயே கிடக்கிறது. அம்மா வந்து பார்க்கட்டும்.