தெரேஸ் அம்மாளின் ஞாயிற்றுக்கிழமைத் தவறு

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, திருநள்ளாறு போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது செல்வி அழைத்தார். நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் தெரேஸ் அம்மாளுக்குச் சமைத்துக் கொடுப்பவர் அவர். "அக்கா, மதாம் எழுந்திரிக்கல. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. வாங்கக்கா" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். திரும்பிப் போகும் பேருந்து வர நேரமாயிற்று. இனி அவசரப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தும், சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கே அவர், பிரெஞ்சு வழக்கில், மதாம்தான். பிரான்சில் பல வருடங்கள் ஒரு கோல்ஃப் மைதானத்து உணவகத்தில் வேலை பார்த்தவர். ஆட்டக்காரர்கள் போன பிறகு ஊழியர்களையும் பந்தடிக்க விடுவார்களாம். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். கணவர் இறந்தபின் ஊர் திரும்பியபோது ஒரே ஒரு மட்டையைக் கொண்டுவந்தார். காரைக்காலில் கோல்ஃப் மைதானத்துக்கு எங்கே போவது? கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே பழைய மீன்வலையைக் கட்டினார். தேங்காய் நார் மிதியடியில் பந்தை வைத்து வலைக்குள் அடிப்பார்.

"மதாம், இன்னிக்காவது பந்து வலையில உளுந்துச்சா?" என்று பால்காரர் சீண்டுவார்.

"உன் பாலுல தண்ணி விழுறப்ப, என் பந்து விழாதா?" என்பார்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. மாடியில் குடியேறிய முதல் ஞாயிறு, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து குரல் வந்தது: "ஏம்மா, படிச்சது போதும். எறங்கி வா. போன்ல ஒரு வீடியோ எடுத்துக் குடு."

வீடியோ பிரான்சில் இருக்கும் மகன் மிஷேலுக்கு. அவரும் ஆடுகிறவர். ஞாயிறு மாலை வீடியோ போகும். அதைப் பார்த்து அவர் குறை சொல்வார், அதற்கு ஒரு பயிற்சியும் சொல்வார். வீசும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னே போனால், பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வீசி முடியும்வரை உடம்பு அதை விட்டு விலகக் கூடாது. கை உடம்பை விட்டு விலகினால், அக்குளில் ஒரு துண்டு. அது நழுவாமல் பாதி வீச்சு மட்டும். நிலை தடுமாறினால், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து மெல்ல அடிக்க வேண்டும்.

"வேகமா அடிச்சா தப்பு ஒளிஞ்சுக்கும். மெதுவா அடிச்சுப் பாரு, தானா வெளிய வந்து நிக்கும்" என்பார் தெரேஸ் அம்மாள். ஒவ்வொன்றாகத் திருந்தின. ஒன்றைத் தவிர.

பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில், மட்டை படுவதற்கு முன்பே தலையைத் தூக்கிவிடுவார். மட்டை பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையில் உருளும். மிஷேல் சொன்னபடி பந்துக்கு அடியில் ஒரு பூவரசு இலை வைத்தோம். பந்து போன பின்னும் கண் இலையிலேயே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இலை வைத்தும் ஞாயிறுதோறும் தலை எழுந்தது.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சலென்று விடுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அம்மா தனியாக அடித்துக்கொண்டிருந்தார். தலை அசையவில்லை. பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நேரே எழும்பி வலையின் நடுவில் போய் விழுந்தன. அடுத்த ஞாயிறு நான் போனைத் தூக்கியதும் தலை எழுந்தது, பந்து உருண்டது.

"ஆன்ட்டி, வியாழக்கிழமை நல்லா அடிச்சீங்களே?"

"பாத்துட்டியா?" என்று மட்டையைத் துடைத்தார். "ஒருவாட்டி செல்விய எடுக்கச் சொல்லி, சரியா அடிச்சு அனுப்புனேன். கட்டைவிரல் படம் ஒண்ணு வந்துச்சு. அவ்ளோதான். தப்பா அனுப்புனா போன் பண்ணுறான். அரை மணி நேரம் திட்டுறான். திட்டட்டுமே."

"பேசணும்னு நேராவே சொல்லலாமே?"

"பெத்த புள்ளைகிட்ட பேச்சைக் கேட்டு வாங்குறதா? போடி. எடு, வெளிச்சம் போவுது."

அதன்பின் ஒரு வருடம், அந்தத் தவறை நான்தான் படம்பிடித்தேன். அந்தத் தெருவில் என்னை இறங்கி வரச் சொன்னவரும் அவர் ஒருவர்தான்.

அடக்கத்துக்கு மிஷேல் வந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பிய மாலை, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கடைசி வரைக்கும் தலை மட்டும் சரியாவல, இல்லைங்களா? நான் ரொம்பக் குறை சொல்லிட்டனோ? பயந்துட்டாங்களோ?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், தான் போன் செய்யாத நாட்களையெல்லாம் சுமந்துகொண்டு விமானம் ஏறுவார்.

"பயமெல்லாம் இல்லைங்க. நீங்க போன் பண்ணுன அன்னிக்கு ரெண்டு வாய் கூடவே சாப்புடுவாங்க" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் முகத்தை வலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மிஷேலுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன். என்றாவது ஒருவர் இதை அவருக்கு வாசித்துக் காட்டக்கூடும். அப்படி வாசிப்பவர், முடித்ததும் எழுந்து போய்விடாமல் அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆன்ட்டி, நீங்கள் நன்றாக அடித்தீர்கள். நான் பார்த்தேன். போய் வாருங்கள்.